மூன்று மடங்கு வேகம்: யாருடைய கடைக்கு?

நமது கடைகளில் பில் போடும் கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டால் பெரும்பாலான வர்த்தகர்கள் கையை விரித்து விடுவார்கள். ஓடுகிறது, அது போதும் என்பார்கள். சீமெந்து விலை அடுத்த வாரம் ஏறுமா இறங்குமா என்று யோசிப்பவருக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? ஆனால், "உங்கள் புறோகிராமில் ஒரு வரியும் மாற்றாமல் மூன்று மடங்கு வேகமாக்கித் தருகிறோம்" என்று ஒருவர் வந்து நின்றால் விஷயம் வேறு. அங்கே நமது பணமும் கணக்கும் சம்பந்தப்படுகின்றன. இப்படியொரு யோசனை எனது இரும்புக் கடைக்கும் வந்தது. அதை விசாரித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை வர்த்தகச் சகோதரர்களுடன் பகிர்ந்துகொள்வது பிரயோசனமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் கடையின் பில், இருப்பு, கடன் பேரேடு எல்லாம் பைத்தன் என்ற மொழியில் எழுதப்பட்டவை. பைத்தன் என்றதும் மலைப்பாம்பை நினைக்க வேண்டாம். அந்தப் பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல, ஒரு பிரித்தானிய நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் றொசம் 1991 இல் இதை வெளியிட்டார். எழுதுவதற்கு இலகு என்பதால் இன்று நம் பகுதிப் பிள்ளைகளும் இதைக் கற்கிறார்கள். பெல்ஜியத்தில் தொடங்கிய ஓடூ, மும்பையில் தொடங்கிய ஈஆர்பி நெக்ஸ்ட் ஆகிய வர்த்தக மென்பொருட்களும் பைத்தனில் எழுதப்பட்டவையே.

எழுதுவதற்கு இலகு, ஓடுவதற்கு மெது. காரணம், நாம் எழுதியதை இயந்திரத்துக்கு எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு துபாஷி வேண்டியிருக்கிறது. வழமையாக எல்லோரும் பாவிக்கும் துபாஷிக்கு சீபைத்தன் என்று பெயர். அதற்குப் பதிலாக வேகமான இன்னொரு துபாஷியை உருவாக்க ஐரோப்பாவில் சிலர் 2003 இல் முயற்சி தொடங்கினார்கள். 2004 இன் இறுதியிலிருந்து 2007 வரை ஐரோப்பிய ஒன்றியம் பண உதவி செய்தது. 2007 இல் முதலாவது முழுப் பதிப்பு வந்தது. பைபை என்று பெயர் வைத்தார்கள். யாரும் இலவசமாக எடுக்கலாம்.

இதன் சூட்சுமத்தை வலிகாமத்துத் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசினைப் பார்த்தவர்களுக்கு விளக்குவது இலேசு. கொஞ்சம் பெற்றோல் விட்டுத்தான் மிசினைக் கிளப்புவார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டில் பழைய ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும்கூட இப்படித்தான் ஓட்டினார்களாம். நாங்கள் அப்போது புத்தளத்தில் கொட்டில்களில் இருந்தோம். திரும்பி வந்த பிறகு அயலவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

பைபையும் தொடக்கத்தில் மெதுவாகவே போகும். போகும்போதே, எந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு சுற்று ஆயிரத்துச் சொச்சம் தடவை (வழமையான அமைப்பில் 1039) ஓடிவிட்டால், அந்தப் பகுதியை இயந்திரத்தின் சொந்த மொழியிலேயே மாற்றி வைத்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் துபாஷியே தேவையில்லை. நான்கு வருடத்து பில்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலைக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு பில்லை அடித்துவிட்டு நின்றுவிடும் வேலைக்கு? ஒரு வாளி தண்ணீர் அள்ள யாரும் மிசினைக் கிளப்புவதில்லை. சூடேறு முன்னரே வேலை முடிந்துவிடும். சில வேளைகளில் நேரம் கூடவே எடுக்கும்.

2010, 2011 காலப்பகுதியில் பைபை மளமளவென்று புதிய பதிப்புகளை வெளியிட்டது. பாவித்தவர்கள் சொன்னவற்றைத்தான் நான் முக்கியமாகக் கவனித்தேன். நீண்ட கணக்குப் போடுபவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். வேறு சிலர், "என்னுடையது முன்னரைவிட மெதுவாகிவிட்டது" என்றார்கள். நினைவகம் கூடுதலாகப் பிடிக்கிறது என்றார்கள் சிலர். எல்லாவற்றையும்விட ஓயாமல் கேட்கப்பட்ட கேள்வி, நம்பை என்ற கணிதத் தொகுதி இதில் வேலை செய்யுமா என்பதுதான். பைத்தனுக்குப் பயன்படும் இப்படியான பல தொகுதிகள் சீ என்ற இன்னொரு மொழியில், பழைய துபாஷியின் அளவுக்கென்றே வெட்டித் தைக்கப்பட்டவை. புதியவருக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. 2011 இல் நம்பைக்கென்றே நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள். அதைத் தாமே திரும்ப எழுதப் பார்த்தார்கள். பின்னர் அந்த வழியை விட்டுவிட்டு, நடுவில் ஒரு பாலம் போட்டு அசல் தொகுதியையே ஓட வைத்தார்கள். பாலம் வேலை செய்கிறது. ஆனால் கடக்கும் ஒவ்வொரு தடவையும் நேரம் போகிறது. நம் கடைகளில் கிடக்கும் விண்டோஸ் கணினிகளுக்கு 64 பிட் பதிப்பு வந்தது 2021 ஏப்ரலில்தான்.

இலவசமாக வாங்கிக்கொண்டு குறையும் சொல்கிறார்களே என்று ஆதங்கப்படுவோர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனவர்களால் அந்த மென்பொருளுக்கு என்ன கிடைத்தது? "இந்த இடத்தில் உடைகிறது" என்று இடத்தைக் காட்டியவர்களால்தான் அது திருந்தியது. தராசில் குறை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும் வாடிக்கையாளரை நாம் கடையிலிருந்து விரட்டுகிறோமா என்ன?

எங்கள் புறோகிராமை எழுதிய தம்பி சொன்னது இதுதான்: "நானா, எழுதினதில கை வைக்கத் தேவையில்லை. கீழ ஓடுற இன்ஜினைத்தான் மாத்துறம்." நான் சம்மதித்தேன், ஆனால் கடைக் கணினியில் அல்ல. பழைய கணினி ஒன்றில், போன வருடத்து ஒரு மாதக் கணக்கை அப்படியே போட்டு, இரண்டு துபாஷிகளையும் ஓட விட்டு, இரண்டு முடிவையும் கடதாசியில் எடுத்து வரிவரியாகப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம்.

மாத முடிவு இருப்புக் கணக்கு முன்பு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பைபையில் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. தம்பியின் முகத்தில் சந்தோசம். பிறகு, கணக்காளருக்கு அனுப்புவதற்காக எழுதப்படும் நாள் விற்பனைக் கோப்பை எடுத்துப் பார்த்தோம். கடைசிச் சில வரிகளைக் காணோம். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. மேலேயுள்ள வரிகள் எல்லாம் சரி. அடியில் மட்டும் சில பில்கள் இல்லை.

காரணத்தைத் தம்பியே கண்டுபிடித்தார். கோப்பில் எழுதி முடிந்ததும் அதை மூடு என்ற கட்டளையை அந்த இடத்தில் எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதாமல் விடுவது பலருக்கும் பழக்கம். பழைய துபாஷி, ஒரு கோப்பு இனி யாருக்கும் தேவையில்லை என்றானதும் அந்தக் கணமே அதை மூடிவிடும். பைபை அப்படியல்ல. குப்பையைச் சேர்த்து வைத்து, தனக்கு வசதியான நேரத்தில் மொத்தமாகக் கூட்டும். அதுவரைக்கும் கோப்பு திறந்தே கிடக்கும், கடைசி வரிகள் எழுதப்படாமல் நிற்கும். கணக்காளருக்கான கோப்பை அந்த இடைவெளியில்தான் பிரதி எடுத்திருக்கிறது. இதைப் பைபைக்காரர்கள் ஒளிக்கவில்லை, தங்கள் விளக்கத்தில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வரியில் திருத்தக்கூடிய விஷயம். ஆனால் பார்க்காமல் கடையில் பூட்டியிருந்தால், மாத முடிவில் காசுக்கும் கணக்குக்கும் இடையில் விழும் பள்ளத்துக்கு யாரைச் சந்தேகித்திருப்போம்? காசுப் பெட்டியில் இருக்கும் பொடியனைத்தானே! என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

அடுத்தது பில். வாடிக்கையாளர் கவுண்டரில் காத்து நிற்பது பில்லுக்காகத்தான். அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நேரம் எங்கே போகிறது என்று தம்பியை அளக்கச் சொன்னேன். பைத்தன் கணக்குப் போடுவது கண் சிமிட்டும் நேரம். மிச்சமெல்லாம் காத்திருப்பு. விலைப்பட்டியல் இருக்கும் தரவுத்தளம் பதில் சொல்லும்வரை காத்திருப்பு, பிரின்டர் தயாராகும்வரை காத்திருப்பு. 2002 க்கும் 2006 க்கும் இடையில் ஏ9 வீதியால் சாமான் ஏற்றிய சகோதரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஓமந்தையில் வரிசையில் நின்ற லொறிக்கு எந்த இன்ஜின் பூட்டியிருந்தால் என்ன? தரவுத்தளத்தில் பொருட்களின் பெயருக்கு ஒரு சுட்டி அமைத்தார் தம்பி. துபாஷியை மாற்றாமலேயே பில்லின் காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்தது.

"மூன்று மடங்கு" என்ற கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பொய்யல்ல. அவர்கள் பரீட்சைக்கு எடுத்த பல புறோகிராம்களின் சராசரி அது. சிலது பல மடங்கு பாயும், சிலது இருந்த இடத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்துக் கடைகளின் சராசரி வியாபாரத்தைச் சொன்னால் உங்கள் கடைக்கு வாடகை கட்ட முடியுமா? முன்பு பைபைக்காரர்கள் நாலு மடங்குக்கு மேல் என்று எழுதிய காலமும் உண்டு. மூன்றுக்கு இறங்கியது பைபை களைத்ததால் அல்ல, ஒப்பிடப்படும் பழைய துபாஷி வேகம் கூடிவிட்டது. 2022 ஒக்டோபரில் வந்த பைத்தன் 3.11 சராசரியாக நாலிலொரு பங்கு வேகம் கூடியது. அதற்கு எந்தப் பாலமும் வேண்டாம், எந்தச் சட்டையும் மாற்ற வேண்டாம். சும்மா இருந்தவருக்கும் கிடைத்த இலாபம்.

பொருள் தருபவர் நாளைக்கும் கடை திறப்பாரா என்பதையும் வியாபாரி பார்க்கத்தானே வேண்டும். இந்த விஷயத்தில் பெரிய பெயர்களை நம்பி ஒன்றும் ஆகவில்லை. கூகிளில் 2009 இல் பைத்தனை ஐந்து மடங்கு வேகமாக்கும் முயற்சி ஒன்று தொடங்கி, இரண்டு வருடத்தில் அடங்கிவிட்டது. டிரொப்பொக்ஸ் கொம்பனி 2014 இல் அறிவித்த முயற்சிக்கு 2017 இல் உதவியை நிறுத்திக்கொண்டது. பழைய துபாஷியை வேகமாக்குவதற்கு மைக்ரோசொப்டில் சம்பளத்துக்கு இருந்தவர்களில் சிலர் 2025 மே மாதம் வேலையிழந்தார்கள். நன்கொடையிலும் சில்லறை ஒப்பந்தங்களிலும் ஓடிய பைபையோ இவற்றில் பலவற்றைவிட நீண்ட காலம் நின்றிருக்கிறது. ஆனால் கைகள் குறைவு. 2025 பெப்ரவரியில் அது 3.11 க்கு ஏற்ற பதிப்பை வெளியிட்டபோது, மூல பைத்தன் 3.13 க்குப் போய் நாலு மாதமாகியிருந்தது. நாளைக்கு உங்கள் புறோகிராமுக்குப் புதிய பைத்தன் தேவைப்பட்டால் நீங்கள் காத்திருக்க வேண்டிவரும்.

நாங்கள் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறோம். கவுண்டரில் பழையது. மாத முடிவுக் கணக்குக்கு மட்டும், வேறு கணினியில், பைபை. தரவுத்தளத்துடன் பேசும் பகுதியை, பாலம் தேவைப்படாத, முழுக்கப் பைத்தனிலேயே எழுதப்பட்ட ஒன்றாகத் தம்பி மாற்றியிருக்கிறார். இதற்கு அவருக்கு நாலு நாள் கூலி கொடுத்தேன். மென்பொருள்தான் இலவசம், அவருடைய நாட்கள் இலவசமில்லை. இதே யோசனையுடன் உங்களிடம் யாராவது வந்தால், உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு மாதத்தைக் கொடுத்து இரண்டிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிவுகளை உங்கள் கணக்காளரே ஒப்பிடட்டும். பழைய துபாஷியை மூன்று மாதத்துக்காவது அழிக்க விடாதீர்கள். கோப்பின் கடைசி வரியை முதலில் பாருங்கள்.