குடும்பப் பிணக்கும் பிள்ளைப்பருவப் பிணைப்பும்

வீட்டுத்திட்டம், கிணறு, விதைநெல் பற்றியெல்லாம் கூட்டம் கூடிப் பேசுகின்றோம். கணவன் மனைவிக்கிடையே பிணக்கு வந்தால் மட்டும் “அவன் குடிகாரன்”, “அவள் வாய்க்காரி” என்று தீர்ப்புச் சொல்லி எழுந்துவிடுகின்றோம். இது போதாது என்பதே எமது கருத்து.

1939 செப்ரெம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரித்தானிய அரசு சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேரை நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பியது. அவர்களிற் பெரும்பாலானோர் பிள்ளைகள். போர்க்காலத்தில் இலண்டனில் குழந்தைகள் இல்லம் நடத்திய அன்னா பிராய்டும் டொரத்தி பேர்லிங்காமும், குண்டுச் சத்தத்தை விடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளைக் கூடுதலாகக் கலக்கியது எனக் கண்டனர். பிரிவின் பாதிப்பை விளக்கி ஜோன் போல்பி என்னும் மருத்துவர் 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். பின்னர் மேரி எயின்ஸ்வேத் உகண்டாக் கிராமங்களிலும் அமெரிக்காவிலும் குழந்தைகளை அவதானித்தார். தாய் திரும்பியதும் ஆறுதலடையும் பிள்ளை, ஒட்டிக்கொண்டே ஓயாது அழும் பிள்ளை, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை எனச் சாயல்கள் வேறுபட்டன. வளர்ந்தோரின் உறவிலும் இவற்றை ஒத்த சாயல்கள் உண்டென்று 1987 இல் ஆய்வாளர் இருவர் எழுதினர்.

1995 இல் வலிகாமத்திலிருந்தும் 2009 இல் வன்னியிலும் இடம்பெயர்ந்த சிறுவர் பலர் இன்று தாய் தந்தையர். கணவன் வயலிலிருந்து பிந்தி வருகிறான். “எங்கை நிண்டனீங்கள்?” என்று மனைவி நாலு தரம் கேட்கிறாள். அவன் வாய் திறவாமல் மீண்டும் வெளியே போகிறான். கேள்வியைச் சந்தேகமென்று அவனும், மௌனத்தை அலட்சியமென்று அவளும் எடுக்கிறார்கள். அவன் விலக விலக அவள் இன்னும் கேட்பாள்; அவள் கேட்கக் கேட்க அவன் இன்னும் விலகுவான். இருவருக்கும் அடியில் இருப்பது பயமாகவும் இருக்கலாம்.

எமது பேச்சில் பயம், ஏக்கம், துக்கம் எல்லாமே “ஒரே யோசினை” என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. இல்லாவிடில் தலையிடியாக வெளிவருகின்றன. ஆண்களுக்கோ கோபம் ஒன்றையே ஊர் அனுமதித்திருக்கிறது. “நேரம் போகப் போக எனக்குப் பயம் பிடிச்சிட்டுது” என்று அவள் சொன்னால், அவனுடைய பதிலும் வேறாகலாம்.

இதை வைத்து ஒருவர் மேல் ஒருவர் முத்திரை குத்த வேண்டாம். சாயல்கள் தலைவிதி அல்ல. நம்பத்தக்க ஒருவரின் நீண்டகால அன்பினால் அவை மாறுகின்றன. அடிபடும் பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்லவும் இதைச் சாட்டாக எடுக்கக் கூடாது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

மாதர் சங்கத்தில் மட்டுமன்றிக் கமக்காரர் அமைப்பிலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விதைப்புக் காலத்தில் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அறுவடை முடிந்தபின் வையுங்கள்.