வெள்ளை மட்டும் போதுமா?

ராஜபாளையம் நாய் என்றாலே பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான் வேண்டும் என்கிறார்கள். நாய்க் கண்காட்சியிலும் அதற்கே மதிப்பு. ஆனால் இது காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம். 2005-இல் தபால்தலை கண்ட நான்கு இந்திய நாய்களில் ஒன்று.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் செவி கெட்டுவிடும். வெள்ளையோடு வெள்ளையையே இணை சேர்த்து வந்ததால் இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. நிறம் கலந்த குட்டிகளையோ வேண்டாமென்று ஒதுக்குகிறோம்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தனி வீட்டுக்காரர்கள் காவலுக்குத்தானே நாய் வாங்குகிறார்கள்? கேட் திறக்கும் சத்தமே கேட்காத நாய் எதைக் காக்கும்? வாங்குமுன், குட்டி பார்க்காத பக்கம் நின்று கை தட்டிப் பாருங்கள். பரிசு கொடுப்பவர்களும் நிறத்துக்கு முன் காதைப் பார்க்கட்டும்.