காவல் யாருடைய கடமை?



பேஸ்புக், டுவிட்டர் (இன்று எக்ஸ்) போன்ற சமூக வலைத்தளங்கள் ஒவ்வொன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. யார் எழுதலாம், எதை நீக்கலாம் என்பதை அந்த நிறுவனத்தின் தலைமையே தீர்மானிக்கிறது. இதற்கு மாற்றாக 2016ஆம் ஆண்டு ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ என்ற இளைஞர் 'மாஸ்டடான்' என்ற வலைத்தள மென்பொருளை வெளியிட்டார். அதை எவரும் இலவசமாக எடுத்துத் தமது சொந்த சர்வரில் நிறுவலாம். இன்று அத்தகைய சர்வர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனி விதிமுறை. ஆயினும் மின்னஞ்சலைப் போலவே, ஒரு சர்வரில் இருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரோடு தடையின்றி உரையாடலாம்.

ஒரு மறைமாவட்டத்தில் பல பங்குகள் இருப்பதைப் போன்றது இது. ஒவ்வொரு பங்குக்கும் தனி நிர்வாகம் உண்டு. எல்லாருக்கும் இடையே உறவும் உண்டு. ஒரே ஒரு வேறுபாடு: இங்கே ஆயர் இல்லை. அப்படியானால் தீமை நுழையும்போது தடுப்பது யார்? இக்கேள்வி கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று. மனித மாண்பைப் பற்றிய கேள்வி என்பதால் நமக்கும் உரியது.

சுதந்திரம் ஏன் தேவை?

2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியது. அவர் வைத்திருந்த படம் 1936இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் எடுக்கப்பட்டது. கூட்டமே நாசி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கிறார். அவர் ஆகஸ்ட் லாண்ட்மெசர் என்று கருதப்படுகிறது. கொடுமைக்குத் தலைவணங்காத மனிதரின் படம் 'வெறுப்பைத் தூண்டும் படம்' என்று கணிக்கப்பட்டது! அந்த நவம்பர் மாதத்தில் இந்தியர் பலர் மாஸ்டடானில் சேர்ந்தனர். எல்லா அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்தால், அங்கே நிகழும் ஒரு தவறு பலரின் குரலை அடக்கிவிடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சுதந்திரத்தின் மறுபக்கம்

2018 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி தன் வெறுப்பை 'காப்' என்ற வலைத்தளத்தில் கொட்டி வந்தவன். பேச்சுரிமையின் பெயரால் வெறுப்புப் பேச்சுக்கு இடமளித்த அந்தத் தளம், 2019 ஜூலையில் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. மென்பொருள் எல்லாருக்கும் பொது என்பதால் அதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் பிற சர்வர்களின் நிர்வாகிகள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் கதவுகளை அடைத்தனர். மேலிருந்து எந்த ஆணையும் வரவில்லை. காப் தன் வீட்டில் பேசிக்கொண்டது. எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை என்று மற்றவர்கள் முடிவெடுத்தனர்.

இது நல்ல செய்தி. ஆனால் முழுச் செய்தி அன்று. 2023 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாஸ்டடானின் 25 பெரிய சர்வர்களை இரண்டு நாள்கள் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். ஏறத்தாழ 3,25,000 பதிவுகளில், குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளாவதைக் காட்டும், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட படங்கள் 112 இடங்களில் இருந்தன. முதல் படம் ஐந்தே நிமிடங்களில் கிடைத்தது! பெரிய நிறுவனங்களிடம் இத்தகைய படங்களைத் தானாகவே கண்டறியும் கருவிகள் உண்டு. நன்கொடையை நம்பி, ஓய்வு நேரத்தில் சர்வரை நடத்தும் தன்னார்வலரிடம் பெரும்பாலும் அவை இல்லை. ஓரிடத்தில் விரட்டப்பட்டவன் தனக்கென்று ஒரு சர்வரைத் தொடங்கிக்கொள்ளவும் முடியும்.

திருச்சபையின் படிப்பினை

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931இல் எழுதிய சுற்றுமடல் ஒரு முக்கியமான நெறியைத் தெளிவாக்கியது. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி. பெரிய அமைப்பின் பணி துணைநிற்பதே. இதைத் துணைநிலைக் கோட்பாடு என்கிறோம். மாஸ்டடான் போன்ற தளங்கள் அறிந்தோ அறியாமலோ இந்நெறியின் சாயலைக் கொண்டுள்ளன. ஆனால் இந்நெறிக்கு இரு பக்கங்கள் உண்டு. சிறியவரின் கையில் உரிமை வந்தால் கடமையும் கூடவே வரும். சிறியவரால் இயலாதபோது உதவுவது பெரியவரின் கடமை. பாதியை மட்டும் பற்றிக்கொள்வது கோட்பாடு ஆகாது, கைகழுவுவதே ஆகும்.

சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை 2002இல் இணைய ஒழுக்கம் பற்றி வெளியிட்ட ஏடும் இவ்வாறே பேசுகிறது. அரசின் முன்தணிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்றும், இத்துறையினர் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்துவது சிறந்தது என்றும் கூறும் அந்த ஏடு, குழந்தைகளுக்கு எதிரான ஆபாசம், வெறுப்புப் பேச்சு ஆகியவற்றுக்கு எதிரான நியாயமான சட்டங்களிலிருந்து இணையத்துக்கு விலக்கில்லை என்றும் தெளிவுபடுத்துகிறது.

இதைப் பிறருக்குச் சொல்லுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தலத் திருச்சபைகள் தங்கள் அளவிலேயே பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்ட இடங்களில், சிறாருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் பல ஆண்டுகள் மூடி மறைக்கப்பட்டதை உலகம் அறியும். அந்தக் காயத்தின் பின்னணியில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் புதிய சட்டம் ஒன்றை வெளியிட்டு, குருக்களும் துறவியரும் தாங்கள் அறியவரும் முறைகேட்டைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கினார். கேட்பாரற்ற தன்னாட்சி சிறியோரைக் காக்காது. இந்தப் பாடத்தைக் கண்ணீரோடு கற்றவர்கள் நாம்.

மத்தேயு 18ஆம் அதிகாரம்

சுதந்திரத்தையும் பாதுகாப்பையும் எப்படி இணைப்பது? மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். குற்றம் செய்த சகோதரரிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். பிறகு ஓரிருவரை அழைத்துச் செல்ல வேண்டும். பிறகு சபையில் சொல்ல வேண்டும். விலக்கி வைப்பது கடைசிப் படி. தவறான கருத்து, கடுஞ்சொல், முதிர்ச்சியற்ற கேலி ஆகியவற்றை இந்தப் பொறுமையோடுதான் அணுக வேண்டும். எச்சரிக்கை, விளக்கம் தர வாய்ப்பு, தற்காலிகத் தடை, இறுதியில் நீக்கம் என்று நடக்கும் நிர்வாகி சுதந்திரத்தையும் மதிக்கிறார், சமூகத்தையும் காக்கிறார்.

ஆனால் அதே அதிகாரத்தில், சிறியோருக்கு இடறலாய் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது ஆண்டவர் படிகள் எதையும் வைக்கவில்லை. எந்திரக் கல்லைக் கழுத்தில் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்துவதைப் பற்றிப் பேசுகிறார் (மத் 18:6). குழந்தைகளுக்கு எதிரான கொடுமையைச் சுதந்திரத்தோடு தராசில் வைத்து எடைபோட முடியாது. அங்கே தாமதமும் குற்றமே. பரவலாக்கம் பேசுவோர் இந்த வேறுபாட்டை மறந்தால், அவர்கள் கட்டும் வீட்டில் குழந்தைகள் குடியிருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

மாஸ்டடான் 2019 முதல் தன் முகப்பில் பட்டியலிடும் சர்வர்களுக்குச் சில நிபந்தனைகள் விதித்துள்ளது. இனவெறிக்கும் பெண்ணிழிவுக்கும் எதிராக முனைப்பாகச் செயல்பட வேண்டும். மூடுவதானால் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இத்தகைய தளங்களில் சேரும் நம் இளையோர், விதிமுறை என்ன, நிர்வாகி யார், புகார் செய்தால் பதில் கிடைக்குமா என்று கேட்டறிந்து சேர வேண்டும். சர்வர் நடத்துபவர் தன்னால் காக்க இயலும் அளவுக்கே ஆள்களைச் சேர்க்க வேண்டும். வசதி படைத்த நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புக் கருவிகளைச் சிறியவர்களோடு பகிர வேண்டும்.

சிறாரைப் பற்றிய தீய படம் கண்ணில் பட்டால், 'எச்சரிக்கைக்காக' என்று கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குற்றத்தை அறிந்தவர் தெரிவிப்பதைக் கடமையாக்கியுள்ளது. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு உதவ 1098 என்ற எண் உள்ளது.

தன் தம்பியைக் காப்பது தன் வேலையா என்று காயின் கடவுளிடமே கேட்டான். தலைமையகம் இருந்தவரை, நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று நாமும் சொல்ல முடிந்தது. தலைமையகம் இல்லாத இடத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. அதிகாரம் பலரிடம் பரவும்போது காவல் கடமையும் நம் ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேருகிறது. அதை ஏற்கும் மனத்திடனைத் தூய ஆவியார் நமக்கு அருள்வாராக!