ஊரோடு பெயர்ந்த தேவாலயம்

குடிபெயர்ந்து செல்வோர் பெட்டி படுக்கைகளை வண்டியில் ஏற்றிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். தாம் வழிபட்ட ஆலயத்தையே, கூரையும் சுவரும் குலையாமல், வண்டியில் ஏற்றிச் சென்ற ஊரும் ஒன்று உண்டு. சுவீடன் தேசத்தின் வடகோடியில் உள்ள கிரூனா நகரமே அது.

ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே அமைந்த அப்பகுதியில் கோடையிற் பல நாட்கள் சூரியன் மறைவதில்லை. நடுக்குளிர்காலத்திற் பல நாட்கள் உதிப்பதுமில்லை. ஆதியில் அங்கே கலைமான் மந்தைகளை மேய்த்துத் திரிந்தவர்கள் சாமி இனத்து மக்கள். மலையில் இரும்புக் கனியம் செறிந்திருந்தமையால் 1890ஆம் ஆண்டில் எல்.கே.ஏ.பி. என்னும் சுரங்கக் கம்பனி தோன்றியது. 1900ஆம் ஆண்டில் கிரூனா நகரம் பிறந்தது.

கம்பனியின் நிருவாகியாக விளங்கிய யால்மார் லுண்ட்பூம் ஒரு புவியியல் அறிஞர். கலைகளிலும் ஈடுபாடு மிக்கவர். புதிய ஊருக்கு ஒரு தேவாலயம் அமைக்கும் பொறுப்பை அவர் குஸ்தாவ் விக்மன் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். சாமி மக்களின் குடிலைப்போல அது தோற்றமளிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே, நிலத்தை நோக்கிச் சரிந்திறங்கும் பெரிய கூரையுடன் செந்நிற மரக்கோயில் எழுந்தது. கூரையின் விளிம்பில் கிறிஸ்தியன் எரிக்சன் என்ற சிற்பி செய்த பன்னிரு பொன்முலாம் உருவங்கள் நின்றன. அவை புனிதர்களின் உருவங்களல்ல; மனித மனத்தின் பல்வேறு நிலைகளைக் காட்டுவன. பீடத்தின் பின்னுள்ள ஓவியத்தை வரைந்தவர் இளவரசர் ஓய்கன். ஒளி பொழியும் ஒரு சோலையே அதன் காட்சி. 1912 டிசெம்பர் 8ஆம் நாள் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. கட்டிக் கொடுத்தது கம்பனியே. 1950க்கு முற்பட்ட கட்டடங்களுள் மிக அழகியது இதுவே என்று 2001ஆம் ஆண்டில் சுவீடன் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்தனர்.

ஆனால், ஊரை வாழவைத்த கனியமே ஊரைப் பெயர்க்கவும் காரணமாயிற்று. அக்கனியப் படுகை செங்குத்தாக இறங்கவில்லை. நகரத்தின் அடியை நோக்கிச் சாய்ந்து செல்கிறது. கீழே கனியத்தை வெடிவைத்துத் தகர்த்து அள்ள அள்ள, மேலுள்ள பாறை இடிந்து அவ்வெற்றிடத்தை நிரப்புகிறது. அதனால் மேற்பரப்பில் நிலம் வெடித்துத் தாழ்கிறது. சுரங்கம் ஆழமாக ஆழமாக, வெடிப்புகள் வீடுகளை நெருங்கின. நகரத்தை மாற்றவேண்டும் என்று 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மூன்று கிலோமீற்றர் கிழக்கே புதிய நகர மையம் அமைந்தது. 2022இல் அது திறக்கப்பட்டது.

ஆலயத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் பொருத்துவதா, முழுதாகவே தூக்கிச் செல்வதா என்ற வினா எழுந்தது. முழுதாகவே கொண்டு செல்வதெனத் துணிந்தனர். 9 மீற்றர் அகலமுடைய வீதி 24 மீற்றராக விரிக்கப்பட்டது. ஓவியமும் இசைப்பேழையும் உள்ளேயே பொதிந்து காக்கப்பட்டன. 2025 ஓகஸ்ட் 19, 20ஆம் திகதிகளில், 672 தொன் எடையும் 40 மீற்றர் அகலமும் கொண்ட ஆலயம் பல சக்கர ஊர்திகளின்மேல் ஏறி, மனிதன் நடக்கும் வேகத்திலும் மெதுவாக ஐந்து கிலோமீற்றர் சென்றது. வீதியின் இருமருங்கும் மக்கள் திரண்டு நின்றனர். இரண்டாம் நாள் மன்னரும் வந்திருந்தார்.

இதனைப் பொறியியலின் வெற்றி என்று போற்றுதல் தகும். ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. பெயர்த்துச் செல்லப்பட்ட பழங்கட்டடங்கள் சிலவே. இடிக்கப்பட்ட வீடுகள் பல. சுரங்கம் இல்லையேல் ஊருக்குப் பிழைப்பு இல்லை என்பதை அங்குள்ளோர் நன்கறிவர். ஆதலால் நன்றியும் துயரும் அவர்கள் நெஞ்சில் ஒருங்கே குடியிருக்கின்றன. எவருடைய குடிலைப் பார்த்து அக்கோயில் வனையப்பட்டதோ, அந்தச் சாமி மக்களோ சுரங்கமும் நகரமும் விரிய விரியக் கலைமான்களின் வழித்தடங்கள் குறுகுகின்றன என்று முறையிடுகின்றனர்.

திருமுழுக்கும் திருமணமும் இறுதி வழிபாடும் நிகழ்ந்த மரச்சுவர்கள் வேறிடம் சேர்ந்தன. அவற்றைச் சூழ்ந்திருந்த தெருவையும் அயலையும் ஏற்றிச் செல்ல எந்த ஊர்தியாலும் இயலவில்லை. மண்ணுக்கடியில் உள்ள செல்வத்தின் விலையைக் கணக்கிடும்போது, மண்ணின்மேல் வாழ்ந்த வாழ்வின் விலையையும் சேர்த்து எண்ணுவதே அறிவுடைமையாகும்.