சீட்டு சொல்லும் சேதி

மாலை விளக்கேற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்த பாட்டி, பேத்தியின் முகம் வாடியிருப்பதைக் கண்டார். வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரம். பெங்களூரில் பணிபுரியும் அப்பெண், தோழி ஒருத்தியிடம் டாரட் சீட்டு எடுத்துப் பார்த்திருந்தாள். வந்த சீட்டின் பெயர் ‘மரணம்’. வெள்ளைக் குதிரையின்மீது கரிய கவசம் அணிந்த எலும்புக்கூடு. கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்ததும் பாட்டிக்கும் நெஞ்சு படபடத்தது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

இத்தகைய கலக்கம் ஓர் இல்லத்தோடு நிற்பதில்லை. இளையோரைக் கடிந்துகொள்வதற்கு முன், அச்சீட்டுகள் எங்கிருந்து வந்தவை, என்ன சொல்பவை என்பதைப் பெரியவர்கள் அறிந்துகொள்வது நலம்.

டாரட் என்பது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான் முதலிய நகரங்களின் அரண்மனைகளில், பொழுதுபோக்கு ஆட்டத்துக்காகத் தோன்றிய சீட்டுக்கட்டு. குறி சொல்வதற்காக அது பிறக்கவில்லை. 1781-இல் பாரிஸ் நகரில் கூர் த ஜெபலான் என்ற அறிஞர், அது பண்டைய எகிப்தியரின் மறைநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியே கண்டறியப்படாத காலம் அது. அவர் கூற்றுக்குச் சான்றும் இல்லை. ஆயினும் அதற்குப் பிறகே டாரட்டில் குறி பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவலாயிற்று. இன்று பெரிதும் புழங்கும் கட்டு 1909-இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் வகுத்துத் தர, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் படங்களை வரைந்தார்.

அக்கட்டில் 78 சீட்டுகள். அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகள். எஞ்சிய 56 சீட்டுகள் கோல், கிண்ணம், வாள், காசு என்ற நான்கு இனங்களில், இனத்துக்கு 14 ஆக அமைந்தவை. ஒவ்வொன்றுக்கும் வழிவழியாக வந்த பொருள் உண்டு. தலைகீழாக வந்தால் வேறு பொருள் கொள்வோரும் உண்டு. அடுத்தடுத்து விழும் சீட்டுகளைச் சேர்த்துப் படிக்கவும் பயிற்சி வேண்டும்.

ஆரக்கிள் சீட்டு இதற்கு மாறானது. அதற்கு இத்தனை என்ற கணக்கில்லை, இனமில்லை, வரிசையுமில்லை. உருவாக்கியவர் எண்ணியதே அதன் விதி. தேவதூதர், விலங்கு, மலர் எனப் பலவகைக் கட்டுகள் உள்ளன. விநாயகர் திருவுருவம் பதித்தவையும் வெளிநாடுகளில் விற்பனையாகின்றன. பொறுமை கொள், மன்னித்துவிடு என்பன போன்ற வாசகம் பல கட்டுகளில் சீட்டின்மீதே அச்சாகியிருக்கும். பெரும்பாலும் அது ஆறுதல் மொழியாகவே இருக்கும். டாரட்டிலோ இன்பமும் துன்பமும் கலந்தே வரும். முன்னது ஒருவர் எழுதிவைத்த நன்மொழித் தொகுப்பு. பின்னது இலக்கணம் உடைய ஒரு படமொழி.

அந்தப் படமொழியைக் கற்றவர்கள் ‘மரணம்’ என்ற சீட்டுக்கு உயிர் பிரிதல் என்று பொதுவாகப் பொருள் கொள்வதில்லை. ஒரு நிலை முடிந்து மறுநிலை தொடங்குதல் என்றே கொள்கிறார்கள். அதே படத்தில், தொலைவில் இரு கோபுரங்களுக்கிடையே கதிரவன் தெரிகிறது. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குச் செல்லவிருக்கும் பெண்ணுக்கு அது பொருந்தாத படமுமன்று.

இறைவனிடம் குறிப்பு வேண்டுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பதும், திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திக் கிடைத்த பதிகத்தை அருள்வாக்காக ஏற்பதும் முன்னோர் வழக்கம். ஆனால் அவர்கள் எடுத்தவுடன் பூக்கட்டவில்லை. பெரியோரைக் கேட்டு, நன்மை தீமை ஆராய்ந்து, இரு வழியும் சமமாகத் தோன்றியபோதே சந்நிதிக்கு வந்தார்கள். வந்த விடை பிடிக்கவில்லை என்று மீண்டும் மீண்டும் கேட்கவுமில்லை. திருமுறையில் எந்தப் பதிகம் கிடைத்தாலும் அது ஈசன் புகழாகவே இருந்ததால், அங்கே அச்சத்துக்கும் இடமில்லை.

இந்த அளவுகோல் சீட்டுக்கும் பொருந்தும். மனத்தைத் திறந்து பார்க்க அது உதவினால் தீங்கில்லை. நோய்க்கு மருத்துவரையும், சொத்துக்கு வழக்கறிஞரையும் விட்டுவிட்டுச் சீட்டை நாடினால் நட்டமே மிஞ்சும். தீய சீட்டு வந்துவிட்டது, பரிகாரத்துக்குப் பணம் கட்டுங்கள் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுவதே அறிவு.

பாட்டி வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார். பேத்தியை அருகில் அமர்த்தி, “சீட்டு கிடக்கட்டும். உன் மனசுல என்ன பயம், அதைச் சொல்லும்மா” என்றார்.

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது. “கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடணும்னு அவங்க அம்மா சொன்னாங்க, பாட்டி. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.”

“இதைச் சீட்டுகிட்ட எதுக்குக் கேட்கணும்? அவங்ககிட்டயே கேட்டுடலாம்.”

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் அர்ச்சனை செய்துவிட்டு, இரு குடும்பத்தாரும் அமர்ந்து பேசினார்கள். வேலையைப் பற்றிப் பேத்தியே வாய்திறந்து கேட்டாள். பாட்டி பக்கத்தில் இருந்தார். அங்கே எடுக்கப்படும் முடிவு எதுவாயினும், அது அச்சத்தில் பிறந்த முடிவாக இராது. அந்தத் தெளிவைத் தருவதே அம்பிகையின் அருள்.