இரங்கூனை யார் கட்டினார்?

"இரங்கூனைக் கட்டியவர் நம்மவரே!" தொட்டியத்துத் திண்ணைகளிலும் இப்பெருமையைக் கேட்கிறோம். இது பாதி உண்மை. பாதி உண்மை மனச்சான்றைத் தாலாட்டி உறங்கவைக்கும்.

1852இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய துறைமுகம், பின்னர் காலனியப் பர்மாவின் தலைநகராயிற்று. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். பர்மியர் தம் தலைநகரிலேயே சிறுபான்மையினர்!

1930 மே மாதம் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனங்கள் பர்மியரை வேலைக்கு அமர்த்தின. உடன்பாடு ஏற்பட்டதும் அவர்களை விரட்டின. ஏழையின் கை ஏழையின்மீது ஓங்கியது, இரத்தம் சிந்தியது. இலாபம் எவருக்கு?

நெல் விலை வீழ்ந்தது. உழவர் கடனில் மூழ்கினர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. நிலம் அவர்கள் நாடியதன்று, கடனுக்கு ஈடாக வந்தது என்பர். இருக்கலாம். இழந்தவனுக்கு அதனால் ஆறுதல் உண்டோ?

நாம் பட்ட துன்பமும் மெய்யே. 1942இல் இந்தியா நோக்கி நடந்தோரில் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். 1964இல் கடைகள் நாட்டுடைமையாக, இலட்சக்கணக்கானோர் வெறுங்கையராய்த் திரும்பினர். அவ்வநீதியை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், பட்டதை மட்டும் நினைந்து, பங்குகொண்டதை மறப்பது நேர்மையாகுமா?

கடனுக்கு நிலமிழந்த காவிரிக்கரை உழவனின் கண்ணீரை நாம் அறிவோம். ஐராவதிக்கரைக் கண்ணீர் மட்டும் உப்புக் கரிக்காதோ?