காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நம் வழக்கறிஞர் அல்லர்

சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளில் வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுகின்றனர். இருவரும் ஒரே தரப்பினர் என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே பரவலாக உள்ளது. கடன் பெற்றுச் சரக்கு ஆட்டோ வாங்கிய ஒரு தலித் உரிமையாளர், "இன்சூரன்ஸ் இருக்கிறது, கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று எண்ணித் தீர்ப்பாயத்திற்குச் செல்லாமல் இருந்துவிடுகிறார். அவர் வராததால் வழக்கு ஒருதலைப்பட்சமாக நடக்கிறது. அங்கே நிற்கும் காப்பீட்டு வழக்கறிஞரின் கடமையோ நிறுவனத்தைக் காப்பது மட்டுமே.

முரண்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஓட்டுநரிடம் உரிய உரிமம் இல்லை என்று நிறுவினால் நிறுவனத்திற்கு ஆதாயம். உரிமையாளருக்கு அதுவே அழிவு. 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய நிலையிலும் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் இழப்பீடு வழங்கிவிட்டு, பின்னர் உரிமையாளரிடமிருந்து அதை வசூலிக்கலாம் என்ற வழியை ஏற்றது. பாதிக்கப்பட்டவரைக் காக்கும் அந்த நெறியை நாம் வரவேற்கிறோம். ஆனால், வசூலிப்பதற்குத் தனி வழக்குத் தொடர வேண்டியதில்லை, நிறைவேற்று மனுவே போதும் என்று அதே ஆண்டில் பல்ஜித் கௌர் வழக்கில் அந்நீதிமன்றம் கூறியது. ஆகவே, உரிமையாளர் வாய் திறவாத அந்த வழக்கே அவருடைய உடைமைகளை ஜப்தி செய்வதற்கான அடிப்படையாக மாறிவிடுகிறது.

தனி வழக்கறிஞர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? உரிமம் தொடர்பான நிபந்தனையைக் காக்க உரிமையாளர் உரிய கவனம் எடுக்கவில்லை என்பதை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்று ஸ்வரண் சிங் தீர்ப்பையே சுட்டிக்காட்டியிருப்பார். இலகுரக வாகன உரிமம் பெற்றவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தையும் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பை எடுத்துவைத்திருப்பார். இவற்றை நிறுவனத்தின் வழக்கறிஞர் உரிமையாளருக்காக வாதிட மாட்டார்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இச்சிக்கலை நேரடியாகவே எதிர்கொண்டது. 1984ஆம் ஆண்டின் கியூமிஸ் தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 1987இல் இயற்றப்பட்ட உரிமையியல் சட்டத்தின் 2860ஆம் பிரிவும், நலன்கள் முரண்படும்போது காப்பீடு பெற்றவருக்குச் சுதந்திரமான வழக்கறிஞரை நிறுவனத்தின் செலவிலேயே அளிக்க வழிசெய்தன. நமது மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தகைய பிரிவு இல்லை.

எனினும் நம் கையில் ஒரு கருவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. வழக்குத் தொடுப்பவருக்கு மட்டுமல்ல, வழக்கை எதிர்கொள்பவருக்கும் அவ்வுரிமை உண்டு. இதை அறிந்தோர் மிகச் சிலரே.

எனவே நமது கோரிக்கை தெளிவானது. தீர்ப்பாயத்தின் அழைப்பாணையிலேயே, "காப்பீட்டு நிறுவனம் உமக்கு எதிராகவும் வாதிடக்கூடும், இலவச வழக்கறிஞரைக் கோர உமக்கு உரிமை உண்டு" என்று தமிழில் அச்சிடப்பட வேண்டும். அது நிறைவேறும்வரை, அழைப்பாணை வந்த வீட்டாரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை அமைப்புகளும் சட்டக் கல்லூரி மாணவர்களும் ஏற்க வேண்டும். முதல் வாய்தாவுக்கு முன்னரே அழைத்துச் செல்ல வேண்டும். ஜப்தி ஆணை வந்தபின் ஓடுவதால் பயன் குறைவு.